முதல் ஃபில்லெட் கத்தி வாங்கும் முன்

அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியதும் பார்வை மங்கத் தொடங்கியது. தட்டில் இருக்கும் சங்கராவில் முள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் விரலால் தடவித் தடவிச் சாப்பிட்டார். ஒரு நாள் தொண்டையில் முள் சிக்கி அவதிப்பட்டதும், மீனே வேண்டாம் என்று விட்டுவிட்டார். வாரத்தில் நான்கு நாள் மீன் குழம்பு கொதித்த வீட்டில் வளர்ந்தவர் அவர். அவருக்காகத்தான் நான் மீனை முள் நீக்கி முழுச் சதையாக எடுக்க, அதாவது ஃபில்லெட் போடக் கற்றுக்கொண்டேன். கை பழக இரண்டு மாதம் ஆனது. சரியான கத்தி கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. நடுவில் மூன்று கத்திகள் வீணாயின.

அந்த ஒன்றரை வருடம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சந்தையில் கேட்டால் போன்லெஸ் போட்டுத் தருவார்களே என்று நினைக்கலாம். தருவார்கள். காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் இந்த வேலையைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் உங்கள் ஒரு மீனுக்காக அவர்கள் நின்று நிதானிக்க முடியாது. கனமான கத்தியால் இரண்டு இழுப்பு, முடிந்தது. விலா எலும்பில் நிறைய சதை தங்கிவிடும், பக்கவாட்டு முள் சதைக்குள்ளேயே இருக்கும். பெரியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுப்பதாக இருந்தால் அந்த முள்தான் நமக்குக் கவலை. கூடவே காசுக் கணக்கும் உண்டு. முழு ஜிலேபி மீன் ஒரு கிலோ வாங்கினால், தோல் நீக்கிய சதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். கை பழகாதவர் பொருந்தாத கத்தியோடு செய்தால் அதிலும் குறையும்.

அரிவாள்மனையில் பழகிய கை

நம் வீடுகளில் மீன் வெட்டும் கருவி அரிவாள்மனை. அதில் கத்தி அசையாது; இரண்டு கையாலும் மீனைப் பிடித்துக் கத்திக்குக் கொண்டுபோகிறோம். செதில் எடுக்க, துடுப்பு வெட்ட, தலையைப் பிரிக்க, வஞ்சிரத்தை வட்டமாகத் துண்டு போட இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. கருவாட்டுக்குப் பாறை மீனை முதுகு வழியாகப் பிளக்கும் மீனவப் பெண்களின் கைவேகத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஃபில்லெட் போடும்போது எல்லாம் தலைகீழ். மீன் பலகையில் அசையாமல் கிடக்கும், கத்தி நகரும். அதனால் அரிவாள்மனையில் கைதேர்ந்தவர்கள்கூட முதல் நாள் தடுமாறுவார்கள். பழக்கத்தில் கத்தியை அழுத்துவார்கள். அழுத்தினால் அது முள்ளை வெட்டிக்கொண்டு போய்விடும்.

இந்தக் கத்தி முள்ளைத் தடவிக்கொண்டு போக வேண்டும். நடுமுள்ளின் மேடும் பள்ளமும் கத்தி வழியாக உங்கள் விரலுக்குத் தெரிய வேண்டும். நீளம், வளைவு, எஃகு, பிடி என்று கீழே நான் சொல்வது எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான். கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அரிவாள்மனையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தலை வெட்டவும் துடுப்பு எடுக்கவும் அது வேண்டும். ஃபில்லெட் கத்தியால் தலையைப் பிளக்க முயன்றால் அதன் வாய் ஒரே நாளில் உடைந்துவிடும்.

படி 1: என்ன மீன் என்று எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில், கடந்த இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வாங்கிய மீன்களையும் அவற்றின் எடையையும் எழுதுங்கள். வாங்க ஆசைப்படும் மீனை எழுத வேண்டாம், வாங்கிய மீனை மட்டும் எழுதுங்கள். என் முதல் தவறே இங்கேதான். பெரிய சூரையை மனதில் வைத்து நீளமான, கெட்டியான கத்தியை வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்ததோ முக்கால் கிலோ சங்கராவும் ஜிலேபியும்.

பட்டியலில் கட்லா, ரோகு, மிர்கால் இருந்தால் அவற்றின் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். இந்தக் கெண்டை இனங்களில் நடுமுள்ளும் விலா முள்ளும் போக, சதைக்கு உள்ளேயே ஒய் எழுத்து வடிவில் நுண்முட்கள் தனியாகக் கிடக்கும். அவை நடுமுள்ளோடு ஒட்டியிருப்பதில்லை. எந்தக் கத்தியாலும் ஒரே இழுப்பில் அவற்றை எடுக்க முடியாது. பால்கெண்டையும் அப்படித்தான், பிலிப்பைன்ஸில் அந்த மீனை முள்ளில்லாமல் விற்கும்போது இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கித்தான் எடுக்கிறார்கள். கட்லாவில் முள்ளில்லாத சதை வரவில்லையே என்று உங்கள் கத்தியையோ கையையோ நொந்துகொள்ளாதீர்கள். அந்த மீன் குழம்புக்குப் போகட்டும்.

ஃபில்லெட்டுக்கு நன்றாக வருபவை கொடுவா, சங்கரா, விளமீன், பாறை, வஞ்சிரம், ஜிலேபி, வவ்வால். கற்றுக்கொள்ள நான் பரிந்துரைப்பது கொடுவா. எலும்பு தடித்திருக்கும், கத்தி எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரியும், சதை உதிராது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வரும்போதும் பண்ணைக் கொடுவா கிடைக்கும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து காட்டியது. அதன் பிறகுதான் இங்கே குளத்தில் கொடுவா வளர்ப்பது பரவலானது. பண்ணைக் கொடுவா ஒரே அளவில் வரும் என்பது பழகுபவருக்கு ஒரு வசதி. நான்கு வாரம் அதே அளவு மீனை வெட்டினால் கை தானாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

படி 2: நீளம்

இது சுலபம். பட்டியலில் அதிகமாக வரும் மீனை எடுத்து, முதுகுத் துடுப்பிலிருந்து வயிறு வரை அதன் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கத்தியின் அலகு அதைவிட இரண்டு மூன்று விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். அப்போதுதான் நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுக்க முடியும். நிறுத்தி நிறுத்தி அறுத்தால் சதையில் படிக்கட்டு போலத் தழும்பு விழும்.

ஒரு கிலோ வரையிலான மீனுக்கு 6 அங்குலம், அதாவது 15 செ.மீ. ஒன்றிலிருந்து நான்கு கிலோ வரை 7 அல்லது 8 அங்குலம். அதற்கு மேல் 9 அங்குலம். வவ்வால் அகலமான மீன்தான், ஆனாலும் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுமுள்ளை நோக்கி வேலை செய்வதால் 6 அங்குலமே போதும்.

ஒரே ஒரு கத்திதான் வாங்கப் போகிறீர்கள், பட்டியலில் எல்லா அளவும் கலந்து இருக்கிறது என்றால் 7 அங்குலம் வாங்குங்கள். சின்ன மீனுக்குக் கொஞ்சம் பெரிது, பெரிய மீனுக்குக் கொஞ்சம் சிறிது. ஆனால் இரண்டையும் சமாளிக்கும்.

அகலமும் கவனிக்க வேண்டும். பிடிக்குப் பக்கத்தில் இரண்டிலிருந்து இரண்டரை செ.மீ. இருந்து, நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போக வேண்டும். அகலமான கத்தி முள்ளுக்கும் சதைக்கும் நடுவில் திரும்பாது. காய்கறி வெட்டும் கத்தி இந்த வேலைக்கு ஆகாததற்கு முதல் காரணம் இதுதான்.

படி 3: வளைவு

கொஞ்சம் நேரம் எடுத்துப் படிக்க வேண்டிய பகுதி இது. கடைக்காரர்கள் அதிகம் சொல்லாததும் இதைத்தான்.

மீனின் நடுமுள் நேர்க்கோடு இல்லை. தலைக்குப் பின்னால் தடித்து, விலா எலும்பு இருக்கும் இடத்தில் கூடாரம் போல மேடாகி, வால் பக்கம் தட்டையாகும். கத்தி அந்த மேட்டின் மேல் ஏறி இறங்க வேண்டும். துளியும் வளையாத கத்தி மேட்டை வெட்டிக்கொண்டு நேராகப் போகும், இல்லையென்றால் மேட்டுக்கு மேலேயே நின்று பள்ளத்தில் உள்ள சதையை விட்டுவிடும். வளைந்துகொடுக்கும் கத்தி எலும்போடு ஒட்டிக்கொண்டு போகும்.

அப்படியானால் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு நல்லது என்று நானும் நினைத்தேன். எனது இரண்டாவது கத்தி தென்னை ஓலை போல வளையும். ஜிலேபிக்கு அருமையாக இருந்தது. நாலு கிலோ கொடுவாவை வைத்தபோதுதான் கோளாறு தெரிந்தது. கெட்டியான சதையைத் தள்ளிக்கொண்டு போகும் பலம் அதற்கு இல்லை. நான் ஒரு பக்கம் தள்ள, நுனி தன் இஷ்டத்துக்கு மேலே ஏறிச் சதைக்குள் போய்விட்டது. அரைக் கிலோவுக்குக் குறையாமல் எலும்பில் தங்கியது. அன்று எல்லாருக்கும் மீன் குழம்புதான்.

ஆகவே மீனுக்குத் தகுந்த வளைவு வேண்டும். கடைகளில் மூன்று விதம் பார்ப்பீர்கள். நன்றாக வளைவது: ஒரு கிலோவுக்குக் கீழான மீன், மெல்லிய உடல் கொண்ட மீன், தோல் உரிக்கும் வேலை. நடுத்தரம்: கொடுவா, சங்கரா, வஞ்சிரம் என்று கலந்து செய்பவர்களுக்கு. கெட்டி: பெரிய சூரை போன்றவற்றுக்கு. சூரையை மற்ற மீன்கள் போல இரண்டு பக்கமாக எடுக்காமல், உடம்பின் நீளத்துக்கு நான்கு கூறாகப் பிரித்து எடுப்பார்கள். அங்கே வளைவுக்கு வேலையே இல்லை, பலம்தான் வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? 7 அங்குலக் கத்தியின் நுனியை மரப்பலகையில் ஊன்றி, பிடியை மெதுவாகச் சாய்த்து அழுத்துங்கள். விரல் பலத்திலேயே நுனிப் பகுதி ஒரு அங்குலம் அளவுக்கு வளைந்து, விட்டதும் நேராகத் திரும்பினால் நடுத்தரம். வளையும் இடத்தையும் பாருங்கள். வளைவு நுனியிலிருந்து பாதி தூரம் வரை படிப்படியாக இருக்க வேண்டும்; பிடிக்குப் பக்கத்தில் கத்தி அசையக் கூடாது. பிடியின் அடியிலேயே மடங்கும் கத்தியை வாங்காதீர்கள். விட்ட பிறகும் இலேசாக வளைந்தே நின்றால் எஃகின் பதம் சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வளையாத கத்தியால் ஃபில்லெட் போடவே முடியாது என்று அர்த்தம் இல்லை. ஜப்பானில் தேபா என்ற தடித்த, கனத்த கத்தியால்தான் மீனைப் பிரிக்கிறார்கள். இரண்டு பக்கச் சதை, ஒரு நடுமுள் என்று மூன்று பாகமாகப் பிரிப்பதற்கு அங்கே சன்மை ஒரோஷி என்று பெயர். தேபாவுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சாணை. மறுபக்கம் தட்டையாக இருப்பதால் அது எலும்போடு படிந்து போகிறது. வளைவு செய்யும் வேலையை அங்கே கத்தியின் வடிவமும் பல வருடப் பயிற்சியும் செய்கின்றன. அழகான கத்தி, மரியாதைக்குரிய கலை. ஆனால் முதல் கத்தியாக அதை வாங்காதீர்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், வழக்கமாக விற்கும் தேபா வலது கைக்காகவே சாணை பிடிக்கப்பட்டது.

படி 4: எஃகு

மீன் வேலை என்றால் உப்பு, தண்ணீர், எலுமிச்சை, வழுவழுப்பு. பழைய இரும்புக் கத்தி நன்றாகக் கூர் ஏறும், சாணை பிடிக்கவும் சுலபம். ஆனால் கழுவித் துடைக்க அரை மணி தாமதித்தால் துரு. தொடங்குபவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் சரி. அந்தப் பெயர் வைத்திருக்கிறதே என்று உப்பு நீரில் ஊறப் போட்டுவிடாதீர்கள். உப்பில் உள்ள குளோரைடு அதையும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

ஐரோப்பியக் கத்திகளில் 1.4116 என்ற எஃகை அடிக்கடி பார்ப்பீர்கள். ஏறக்குறைய அரை சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் கொண்டது. கடினத்தன்மையை ராக்வெல் என்ற அளவில் குறிப்பிடுவார்கள். ஃபில்லெட் கத்திக்கு 54 முதல் 58 வரை இருந்தால் நல்லது. எண் கூடினால் கூர் நீடிக்கும், ஆனால் கத்தி வளைவதற்குப் பதில் வாய் உதிரும். 60க்கு மேல் போகும் ஜப்பானியக் கத்திகள் காய்கறிக்கும், பச்சை மீனை மெல்லியதாகச் சீவும் சஷிமிக்கும் நன்றாக இருக்கும். மீன் எலும்பில் பட்டால் பல் விழும்.

நம் வேலைக்கு மிருதுவான எஃகு குறையே இல்லை. கூர் சீக்கிரம் மழுங்கும்தான். ஆனால் வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் கூரைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

கறுப்பு, நீலம் என்று வண்ணப் பூச்சு போட்ட கத்தி என்னுடைய மூன்றாவது தவறு. ஆறாவது மீனில் பூச்சு உரிந்து சதையில் ஒட்டியது, அப்படியே குப்பையில் போட்டேன். அலை அலையாக டமாஸ்கஸ் கோலம் போட்டு மலிவாக வருபவற்றில் பல, சாதாரணத் தகட்டின் மேல் லேசரால் வரைந்தவை. ரம்பம் போன்ற பல் வைத்ததும் வேண்டாம், சதையைக் கிழித்துவிடும்.

படி 5: பிடி

கடையில் காய்ந்த கையோடு பிடித்துப் பார்த்தால் எல்லாக் கத்தியும் நன்றாகத்தான் இருக்கும். மீனின் வழுவழுப்பும் கொழுப்பும் கையில் படிந்த பிறகு எப்படி இருக்கும் என்பதே கேள்வி. நான் என்ன செய்வேன் தெரியுமா? ஒரு சிறிய பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கொண்டுபோவேன். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கையை நனைத்துப் பிடித்துப் பார்ப்பேன், கத்தியை உறையை விட்டு எடுக்காமலேயே. நழுவினால் அந்தக் கத்தி வேண்டாம். இதுவரை எந்தக் கடைக்காரரும் கோபித்துக்கொண்டதில்லை.

சொரசொரப்பான ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பிடி நல்லது. பிடிக்கும் அலகுக்கும் நடுவில், விரல் முன்னால் வழுக்கிப் போகாமல் தடுக்க ஒரு மேடு கட்டாயம் இருக்க வேண்டும். மரப்பிடி பார்க்க அழகு, குளிரில் வேலை செய்பவர்களுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் மீன் வாடை மரத்துக்குள் ஊறிவிடும், ஆணிகளின் இடுக்கில் அழுக்கு சேரும். பெரிய கை உள்ளவர்களும் சிறிய கை உள்ளவர்களும் ஒரே கத்தியைப் பகிர்ந்துகொள்ளும் வீடாக இருந்தால், சிறிய கைக்குப் பொருந்துவதை வாங்குங்கள்.

படி 6: வாங்கும் இடத்தில்

வீட்டுப் பாத்திரக் கடைகளில் ஃபில்லெட் கத்தி அரிதாகத்தான் இருக்கும். ஓட்டல்களுக்குச் சமையலறைச் சாமான் விற்கும் கடைகளிலும் தூண்டில் சாமான் விற்கும் கடைகளிலும் கேளுங்கள். ஓட்டல் சாமான் கடையில் கிடைக்கும் எளிய, வெள்ளை பிளாஸ்டிக் பிடி போட்ட கத்திகளைக் குறைவாக எடை போடாதீர்கள். தினமும் வேலை செய்பவர்களுக்காகச் செய்தவை அவை.

பெயர் கேட்டால் மூன்றைச் சொல்வேன். சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ், பிடி வழுக்காத சமையலறைக் கத்திகளைச் செய்கிறது. சுவீடனில் மோரா என்ற ஊரின் பெயரையே தாங்கிய மோராக்னிவ், தூண்டில்காரர்களுக்கான வளையும் கத்தி செய்கிறது. பின்லாந்தின் ரப்பாலா, தூண்டில் இரைக்குப் பெயர் போன நிறுவனம். மார்த்தீனி கத்திப் பட்டறையோடு சேர்ந்து 1960களிலிருந்து விற்கும் மரப்பிடிக் கத்தி உலகம் முழுவதும் பரவியது. இவற்றில் எதையும் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன சோதனைகளில் தேறும் உள்ளூர்க் கத்தி கிடைத்தால் அதையே எடுங்கள்.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கறியில் எலும்பு பிரிக்கும் போனிங் கத்தியையும் ஃபில்லெட் கத்தி என்றே போட்டு விற்பார்கள். படத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். போனிங் கத்தி குட்டை, முதுகு தடித்தது, ஆட்டுக் காலுக்கு ஏற்றது. முதுகுத் தடிமன் இரண்டு மி.மீ. அளவில் இருக்கிறதா என்று விவரத்தில் தேடுங்கள். போடவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள். இன்னொன்று, மொத்த நீளத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். 12 அங்குலம் என்றால் பிடியும் சேர்த்து. அலகின் நீளத்தைத் தனியாகப் பாருங்கள்.

கத்தி வந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிடியிலிருந்து நுனி வரை வாய் நேராக இருக்கிறதா என்று அம்பு பார்ப்பது போலப் பாருங்கள். ஒரு தாளை விரலில் பிடித்துக்கொண்டு அறுத்துப் பாருங்கள். கிழியாமல் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

கூடவே என்ன வாங்குவது

முள் பிடுங்க ஒரு கெட்டியான இடுக்கி. நழுவாத பலகை; அடியில் ஈரத்துணி விரித்தால் எந்தப் பலகையும் நழுவாது. மீனைப் பிடிக்கும் கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை. இதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். மீன் வெட்டும்போது ஏற்படும் காயத்தில் கடல் நீர்க் கிருமிகள் புக வாய்ப்பு உண்டு. சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அது தீவிரமாகலாம். கத்தியோ முள்ளோ குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

படி 7: முதல் மீனில் கத்தியைச் சோதிப்பது

ஒரு கிலோ அளவில் கொடுவா வாங்குங்கள். செதில் எடுத்து, குடல் நீக்கிச் சந்தையிலேயே வாங்கி வரலாம், தலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்ள உதவும். மீனை ஐஸில் வைத்துக் குளிர்ந்த நிலையிலேயே வேலையைத் தொடங்குங்கள். வெயிலில் மெத்தென்று ஆன மீனில் எந்தக் கத்தியும் சதையைக் கிழிக்கும், நாம் கத்தியைக் குறை சொல்வோம்.

செவுளுக்குப் பின்னால் இருக்கும் பக்கத் துடுப்பை ஒட்டி, நடுமுள்ளில் தட்டும் வரை சாய்வாக ஒரு வெட்டு. அங்கேயே நிறுத்துங்கள். பிறகு முதுகுத் துடுப்பை ஒட்டித் தலையிலிருந்து வால் வரை தோலை மட்டும் அறுக்கும் ஆழத்தில் ஒரு கோடு. அடுத்து அதே கோட்டில் கத்தியைச் சற்றே முள் பக்கம் சாய்த்து, நீளமாக, அழுத்தாமல் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சதை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். இடது கையால் சதையைப் புத்தகப் பக்கம் போலத் தூக்கிப் பிடித்தால் உள்ளே முள் தெரியும்.

இப்போது காதைக் கொடுங்கள். கத்தி முள்ளின் மேல் சரியாகப் போனால் சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டியது போல மெல்லிய 'டிர்ர்' ஒலி வரும். ஒலி நின்றுவிட்டால் கத்தி சதைக்குள் ஏறிவிட்டது, முனையை இறக்குங்கள். 'டக்' என்று நின்றால் முள்ளுக்குள் நுழைந்துவிட்டது, சாய்வைக் குறையுங்கள். இந்த ஒலியும் அந்த அதிர்வும் உங்கள் கைக்குத் தெளிவாக வருகிறது என்றால் நல்ல கத்தி வாங்கியிருக்கிறீர்கள்.

விலா எலும்புக் கூடாரத்தின் மேல் கத்தி வளைந்து ஏறி இறங்க வேண்டும். அதைத் தாண்டியதும் வால் வரை ஒரே இழுப்பு. மறுபக்கமும் இப்படியே. இரண்டு சதைத் துண்டும் வந்த பிறகு மிச்சமிருக்கும் நடுமுள்ளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். முள்ளுக்கு முள் இடையில் வெளிச்சம் தெரிந்தால் வேலை சுத்தம். வெள்ளையாகச் சதை படிந்திருந்தால் எந்த இடத்தில் என்று கவனியுங்கள். விலா மேட்டில் மட்டும் என்றால் கத்தி கெட்டி. நீளம் முழுக்க அங்கங்கே என்றால் கத்திமேல் பழி போட வேண்டாம், கை பழக வேண்டும்.

தோல் உரிக்க, வால் பக்கம் ஒரு அங்குலம் சதையை விலக்கித் தோலைக் கல் உப்பு தொட்ட விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உப்பு இருந்தால் வழுக்காது. கத்தியைப் பலகையோடு தட்டையாகப் படுக்க வைத்துவிட்டு, தோலை இப்படியும் அப்படியும் ஆட்டி இழுங்கள். கத்தி நிற்க வேண்டும், தோல் நகர வேண்டும். ஆமாம், அரிவாள்மனை முறைதான். இந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் முதல் நாளே என்னைவிட நன்றாகச் செய்தார்கள்.

கடைசியாகச் சதையின் நடுக்கோட்டில் தலைப் பக்கத்திலிருந்து பாதி தூரம் வரை விரலை ஓட்டுங்கள். குத்தும் ஒவ்வொரு முள்ளையும் இடுக்கியால் தலை இருந்த திசையை நோக்கிச் சாய்வாக இழுங்கள். நேராக மேலே இழுத்தால் சதையும் சேர்ந்து பிய்யும்.

படி 8: கூர் பிடிப்பது

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையையும் காய் நறுக்கும் கத்தியையும் கொடுங்கள். அவற்றுக்கு அவர் கைதான் சரி. ஃபில்லெட் கத்தியை மட்டும் கொடுக்காதீர்கள். அதன் தகடு மெல்லியது. தண்ணீர் இல்லாமல் சுழலும் சக்கரத்தில் நொடியில் சூடேறிவிடும். நான் ஒரு முறை கொடுத்தபோது வாயோரம் நீலம் பாய்ந்து வந்தது. நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு அந்தக் கத்தியில் கூர் இரண்டு மீனுக்கு மேல் நிற்கவே இல்லை.

வீட்டில் 1000 எண் கொண்ட நீர்க்கல், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் சாணைக்கல் ஒன்று போதும். கத்தியின் முதுகு கல்லிலிருந்து சற்று உயர்ந்திருக்க வேண்டும், இரண்டு செ.மீ. அகலக் கத்திக்கு மூன்று ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரம் வைத்தால் ஏறக்குறைய 15 பாகை வரும். முதல் சில நாள் நாணயங்களை நிஜமாகவே அடுக்கி அளந்து பாருங்கள், பிறகு கைக்கே தெரியும். வளையும் கத்தி என்பதால் கல்லின் மேல் இருக்கும் பகுதியை இரண்டு விரலால் இலேசாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் மயிரிழை போலப் பிசிறு எழும். அது நீளம் முழுக்க எழுந்த பிறகே பக்கம் மாற்றுங்கள்.

ஒவ்வொரு முறை மீன் வெட்டும் முன்னும் கத்தி தீட்டும் எஃகுக் கம்பியில் பக்கத்துக்கு நான்கு ஐந்து தடவை இழுத்துக்கொண்டால், கல்லுக்குப் போவது மாதம் ஒருமுறையே போதும்.

வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முதலில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் மீனின் புரதம் கத்தியில் வெந்து ஒட்டிக்கொள்ளும், வாடையும் போகாது. பிறகு சோப்பு, துணியால் துடைப்பு, பத்து நிமிடம் காற்றில் உலர்த்தல். அதற்குப் பிறகே உறை. தோல் உறை கூடவே வந்தால் அதைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தோலுக்குள் ஈரம் தங்கும், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். அடியில் துளை உள்ள பிளாஸ்டிக் உறை நல்லது. கரண்டிகளோடு சேர்த்து டிராயரில் போடாதீர்கள். வாயும் கெடும், தேடும் கையும் வெட்டுப்படும்.

தலையையும் நடுமுள்ளையும் எறிந்துவிடாதீர்கள். புளி கரைத்து, சின்ன வெங்காயமும் மாங்காயும் போட்டுக் குழம்பு வையுங்கள். எங்கள் வீட்டில் சதை அம்மாவுக்கு வறுவலாகும், முள் குழம்பு எங்களுக்கு.